புதுப்பிப்பு: பிட்டிலியானோவின் பள்ளப்பாதைகளில் நடந்துவந்தேன்

இத்தாலியின் டஸ்கனி பகுதியில் கூட்டமில்லாமல் நடக்க எங்கே போகலாம் என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். போய்வந்துவிட்டேன். தெற்குக் கோடியில், பிட்டிலியானோ என்ற ஊரிலிருந்து பக்கத்து ஊரான சோவானா வரை நடந்தேன். 2,000 ஆண்டுகளுக்கு முன்பே, ரோமானியருக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் எரிமலைச் சாம்பல் இறுகிய பாறையை வெட்டி அமைத்த பாதைகள் இவை. சில இடங்களில் இருபுறச் சுவரும் 20 மீட்டரைத் தாண்டுகிறது. உள்ளே இறங்கியதும் உச்சிவெயில் சட்டென்று மறைந்து குளிர்ந்துவிட்டது. சுவரில் கை வைத்தேன். ஈரத்துணி போன்ற பாசி, அதன் அடியில் விரலுக்குத் தட்டுப்பட்ட உளித்தடம். அந்த இடத்தைவிட்டு நகரவே மனம் வரவில்லை. இவ்வளவு ஆழமாக ஏன் வெட்டினார்கள் என்பதில் ஆய்வாளர்களிடையே இன்றும் ஒத்த கருத்தில்லை. மறுநாள் சாத்தூர்னியா வெந்நீர் அருவி. கட்டணமில்லை, ஆனால் கூட்டம் உண்டு. பள்ளப்பாதைக்கு வழுக்காத காலணி அவசியம். மழை பெய்த மறுநாள் போகாதீர்கள்.