லைக் கொட்டுகிறது, தளத்துக்கு மட்டும் ஆள் வரவில்லை

கட்டம்போட்டவன்:

வணக்கம். எக்செல் சொல்லித்தரும் தளம் ஒன்று வைத்திருக்கிறேன். வேலை முடிந்து வந்து இரவில் உட்கார்ந்து எழுதுவதுதான், இதுவரை அறுபது பாடம் ஆகியிருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் பயிற்சிக் கோப்பு உண்டு. விளம்பரத்துக்குச் செலவழிக்கக் கையில் பணம் இல்லை. சமூக ஊடகத்தில் போட்டால் இலவசமாக ஆள் வரும் என்று எல்லோரும் சொன்னதை நம்பி ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், எக்ஸ், யூடியூப், பின்டரெஸ்ட், டெலிகிராம் என்று ஒன்று விடாமல் கணக்குத் திறந்தேன். பாடம் வெளியான கையோடு தலைப்பையும் லிங்க்கையும் எல்லா இடத்திலும் போடுவேன், பதினைந்து குழுவிலும் அதையே ஒட்டுவேன். ஐந்து மாதமாக இதே வேலை.

போன வாரம் வீலுக்அப் (VLOOKUP, அட்டவணையில் ஒரு மதிப்பைத் தேடி எடுக்கும் எக்செல் வாய்ப்பாடு) பற்றி ஒரு படம் போட்டேன். இருநூறு லைக்கைத் தாண்டியது, "அருமை", "சேமித்துக்கொண்டேன்" என்று வரிசையாகக் கமெண்ட். ஆசையாகத் தளத்தில் போய்ப் பார்த்தால் அன்றைக்கு வந்தது 9 பேர், அதில் ஒருவன் நான். நடுவில் இரண்டு குழுவிலிருந்து தூக்கியும் விட்டார்கள். எதை விடுவது, எதைப் பிடிப்பது என்று அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள். "தொடர்ந்து போடுங்கள், ஒருநாள் வரும்" என்று மட்டும் சொல்லாதீர்கள், கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

பழைய_பதிவர்:

உங்களைத் தூக்கியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை, நானாக இருந்தாலும் தூக்கியிருப்பேன் :) வந்ததும் லிங்க்கைப் போட்டுவிட்டு ஓடுகிறவரை யார் வைத்துக்கொள்வார்கள்? ரெடிட் விவாதத் தளத்தில் ரொம்ப காலமாக ஒரு கணக்கு சொல்வார்கள், பத்துப் பதிவு போட்டால் ஒன்றுக்கு மேல் சொந்தச் சரக்காக இருக்கக் கூடாது என்று. மற்ற ஒன்பதும் அடுத்தவர் கேள்விக்குப் பதில். எல்லாக் குழுவுக்கும் இது பொருந்தும்.

இந்தக் கம்பெனிகள் விளம்பரத்தில் பிழைக்கிறவை, ஆட்கள் உள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தால்தான் அவர்களுக்குக் காசு. வெளியே கூட்டிப்போகிற போஸ்டை எதற்குத் தூக்கிச் சுமக்கப் போகிறார்கள்? 2018 ஜனவரியில் ஃபேஸ்புக் வெளிப்படையாகவே அறிவித்தது, நண்பர்களும் குடும்பத்தாரும் போடுவது முன்னால் வரும், பக்கங்கள் போடுவது குறையும் என்று. எக்ஸில் 2023 அக்டோபரில் லிங்க்கின் முன்னோட்டத்திலிருந்து தலைப்பையே எடுத்துவிட்டார்கள், வெறும் படம் மட்டும் நின்றது, அப்புறம் திரும்பக் கொண்டுவந்தார்கள். கூகுளின் சமூக ஊடகமான கூகுள் பிளஸ்ஸைப் பொதுமக்களுக்கு 2019 ஏப்ரலில் மூடியே விட்டார்கள், அதில் சேர்த்த ஆட்கள் அதோடு போச்சு. அவர்கள் வீடு, அவர்கள் சட்டம்.

அதனால் இடங்களைப் பிரித்துப் பாருங்கள். ஃபேஸ்புக், இன்ஸ்டா, எக்ஸ் மூன்றிலும் ஆட்கள் எதையும் தேடி வருவதில்லை, விரலால் தள்ளிக்கொண்டே போகிறார்கள், நீங்கள் நடுவில் தட்டுப்படுகிறீர்கள். யூடியூப், பின்டரெஸ்ட், கேள்வி-பதில் தளமான கோரா இவற்றில் தேடி வருகிறார்கள். "வீலுக்அப் ஏன் பிழை காட்டுகிறது" என்று தட்டச்சு செய்கிறவருக்கு அந்த நிமிடமே விடை வேண்டும், அவர் க்ளிக் செய்வார். உங்கள் பாடம் மாதிரிச் சரக்குக்கு இரண்டாவது வகைதான் சரி. கோராவில் இந்த மாதிரிக் கேள்வி எவ்வளவு இருக்கிறது பாருங்கள். பதிலை அங்கேயே முழுசாக எழுதிவிடுங்கள், தேடும் மதிப்பு அட்டவணையின் முதல் நெடுவரிசையில் இருந்தாக வேண்டும், இடப்பக்கம் தேட வேண்டுமென்றால் எக்ஸ்லுக்அப் பயன்படுத்து, இப்படி. கடைசியில் பயிற்சிக் கோப்புக்கு மட்டும் லிங்க். பாதி பதிலைச் சொல்லிவிட்டு "மீதி என் தளத்தில்" என்று தொங்கவிடாதீர்கள், எனக்கே எரிச்சல் வரும்.

நூல்கண்டு:

பின்டரெஸ்ட் பற்றி நான் சொல்கிறேன், என் தையல் தளத்துக்கு வருகிறவர்களில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான். ஒவ்வொரு பின்னுக்கும் (அங்கே போடும் படத்துக்கு அதுதான் பெயர்) லிங்க் வைக்க இடம் தனியாக இருக்கிறது, படத்தைத் தட்டி நேராகத் தளத்துக்கு வரலாம், யாரும் அதற்காக உங்களைத் தண்டிக்க மாட்டார்கள். ஃபேஸ்புக் போஸ்ட் இரண்டு நாளில் செத்துவிடும், பின் அப்படி இல்லை, நான் மூன்று வருடத்துக்கு முன்னால் போட்ட காஜா பின் ஒன்று இன்றைக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்கிறது.

படம் உயரவாக்கில் இருக்கட்டும், 1000க்கு 1500 பிக்சல். என்ன கிடைக்கும் என்பதைப் படத்தின் மேலேயே பெரிய எழுத்தில் எழுதுங்கள், விவரணையில் ஆட்கள் தேடுகிற சொற்களையே போடுங்கள். உங்கள் துறையில் ஷார்ட்கட் அட்டைகள் நன்றாகப் போகும் என்று தோன்றுகிறது. கன்ட்ரோலையும் அரைப்புள்ளியையும் சேர்த்து அழுத்தினால் இன்றைய தேதி விழும், ஆல்ட்டும் சமக்குறியும் அழுத்தினால் கூட்டல் தானாக வரும், இது மாதிரிப் பத்து ஒரே அட்டையில். சேமித்து வைப்பார்கள், அது அடுத்தவர் கண்ணில் படும். தளத்தை உங்களுடையது என்று உறுதிப்படுத்திவிடுங்கள், அமைப்புகளில் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை. முதல் மூன்று மாதம் ஒன்றுமே நடக்காது, அதற்காக விட்டுவிடாதீர்கள். (தொடர்ந்து போடுங்கள் என்று சொல்லக் கூடாது என்றீர்கள், சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.)

இரவுப்பறவை:

இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் 9 பேர் என்ற கணக்கே சரிதானா? அதை முதலில் பாருங்கள். வாட்ஸ்அப்பில் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட லிங்க் வழியாக வருகிறவர்கள் அனலிட்டிக்ஸில் (தளத்துக்கு வருகிறவர்களை எண்ணும் கருவி) பெரும்பாலும் "டைரக்ட்" என்றே விழுவார்கள், எங்கிருந்து வந்தார்கள் என்ற தடயம் கிடைக்காது. நீங்கள் போடும் ஒவ்வொரு லிங்க்கிலும் யூடிஎம் ஒட்டு (ஆள் எங்கிருந்து வந்தார் என்று சொல்லும், முகவரியின் வால்) சேருங்கள், சோர்ஸ் பின்டரெஸ்ட், மீடியம் சோஷியல் என்று. அப்போதுதான் பதினைந்து குழுவில் எது வேலை செய்கிறது, எது சும்மா இருக்கிறது என்று தெரியும். யூடிஎம்மில் இருக்கிற 'யூ' என்ன தெரியுமா, அர்ச்சின், 2005இல் கூகுள் வாங்கிய கம்பெனி. அதை வைத்துத்தான் கூகுள் அனலிட்டிக்ஸே வந்தது.

அடுத்து, லிங்க்கைப் போடும்போது முன்னோட்டம் எப்படி வருகிறது? ஓப்பன் கிராஃப் டேக் (முன்னோட்டத்தில் எந்தத் தலைப்பு, எந்தப் படம் வர வேண்டும் என்று பக்கத்துக்குள் எழுதிவைக்கும் குறிப்பு) வைத்திருக்கிறீர்களா? 2010இல் ஃபேஸ்புக் கொண்டுவந்தது, இப்போது வாட்ஸ்அப், டெலிகிராம், லிங்க்ட்இன் எல்லாம் அதைத்தான் படிக்கின்றன. படம் 1200க்கு 630 இருந்தால் பெரிதாக வரும். அது இல்லையென்றால் ஓரத்தில் குட்டியாக ஏதோ ஒன்று வரும், அல்லது ஒன்றுமே வராது, யார் தொடுவார்கள்? மாற்றியபின் ஃபேஸ்புக்கின் ஷேரிங் டீபக்கர் என்ற கருவியில் முகவரியைக் கொடுத்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பழையதையே காட்டும்.

இன்னொன்று, இந்தச் செயலிகளில் லிங்க்கைத் தட்டினால் உள்ளேயே ஒரு குட்டி பிரவுசர் திறக்கும். கூகுள் கணக்கை வைத்து அதற்குள் உள்ளே நுழைய கூகுளே விடாது, கோப்பு இறக்குவதும் பல நேரம் தகராறு. பயிற்சிக் கோப்புக்கு லாகின் கேட்கிறீர்களா?

கட்டம்போட்டவன்:

ஐயோ, கேட்கிறேன். அதுவும் கூகுள் லாகின் மட்டும்தான் :( முன்னோட்டத்தையும் இப்போதுதான் பார்த்தேன், எல்லாப் பாடத்துக்கும் அதே லோகோ, அதுவும் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறது. ஐந்து மாதம் இதைத்தான் ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஷார்ட்ஸ், ரீல்ஸ் பற்றி யாரும் சொல்லவில்லையே? அதில்தான் இப்போது கூட்டம் என்கிறார்களே.

அரை_நிமிடம்:

கூட்டம் உண்டு, கதவுதான் இல்லை. ஷார்ட்ஸ் விவரணையிலும் கமெண்டிலும் போடும் லிங்க்கை 2023 ஆகஸ்ட் 31 முதல் தட்டவே முடியாதபடி ஆக்கிவிட்டார்கள், ஸ்பேம் தொல்லை தாங்காமல். ஷார்ட்ஸிலிருந்து உங்களுடைய நீள வீடியோ ஒன்றுக்கு இணைப்புக் கொடுக்கலாம், அந்த நீள வீடியோவின் விவரணையிலிருந்து தளத்துக்கு. இரண்டு தாவல். வழியிலேயே பெரும்பாலானவர்கள் உதிர்ந்துவிடுவார்கள். இன்ஸ்டா போஸ்டின் தலைப்பு வரிகளில் லிங்க் எழுதுவது வீண், அது வெறும் எழுத்துதான். சுயவிவரத்தில் ஐந்து லிங்க் வரை வைக்கலாம், 2023இலிருந்து. ஸ்டோரியில் லிங்க் ஸ்டிக்கர் இருக்கிறது, முன்பு பத்தாயிரம் பேர் பின்தொடர்ந்தால்தான் கொடுப்பார்கள், 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அதை வாரம் ஒருமுறையாவது பயன்படுத்துங்கள்.

ஆனால் பழைய_பதிவர் சொல்கிற மாதிரி இவை எல்லாம் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ரீல் பார்த்த யாரும் அந்த நிமிடம் என் தளத்துக்கு வருவதில்லை, உண்மை. ஆனால் தளத்தின் பெயர் மனதில் நிற்கிறது, அடுத்த வாரம் கூகுளில் அந்தப் பெயரையே தட்டித் தேடி வருகிறார்கள். கூகுளில் எதைத் தேடி வருகிறார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோலில் என் தளப் பெயருக்கான தேடல் ஏறியதைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது. அதனால் வீடியோவில் பெயரை வாயால் சொல்லுங்கள், திரையிலும் எழுதுங்கள். பெயர் வாயில் நுழைகிற மாதிரி இருக்க வேண்டும், அது வேறு விஷயம்.

பழைய_பதிவர்:

வீண் என்று நான் சொல்லவில்லையே, லிங்க்கைப் போட்டுக் காத்திருப்பதுதான் வீண் என்றேன். சரி, பெயர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

மௌனவாசகி:

நான் தளம் எதுவும் நடத்துவதில்லை, லைக் போடுகிற கூட்டத்தைச் சேர்ந்தவள். "சேமித்துக்கொண்டேன்" என்று எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. ஏன் க்ளிக் செய்வதில்லை என்று என்னைக் கேட்டால் சொல்கிறேன். நான் அந்தப் படத்தைப் பார்க்கும்போது கையில் இருப்பது போன், படுக்கப் போகிற நேரம். எக்செல் இருப்பது அலுவலகக் கணினியில். அப்போது க்ளிக் செய்து உங்கள் பாடத்துக்கு வந்து நான் என்ன செய்வது? கோப்பை இறக்கினால் போனில் திறக்கச் சிரமம். காலையில் கணினி முன்னால் உட்காரும்போது உங்கள் பெயரே மறந்திருக்கும், கூகுளில் தேடி வேறு யாருடைய தளத்துக்கோ போயிருப்பேன். இது அல்காரிதம் செய்கிற சதியெல்லாம் இல்லை.

மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தால் கோப்பை அனுப்பிவைக்கிறேன் என்று சொன்னால் கொடுப்பேன். காலையில் கணினியில் மெயில் திறக்கும்போது அது அங்கே இருக்கும்.

கட்டம்போட்டவன்:

இதை ஐந்து மாதத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை. இப்போது போய்ப் பார்த்தேன், கூகுளிலிருந்து வருகிறவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே கணினியில், வேலை நேரத்தில். ஃபேஸ்புக்கிலிருந்து வந்த சொற்பப் பேரும் போனில், ராத்திரி பத்துக்கு மேல். நானும் வேலை முடிந்து எழுதி அந்த நேரத்தில்தான் போஸ்ட் போடுகிறேன்!

இப்போதைக்கு முடிவு செய்தது இது. லாகினை எடுத்துவிட்டு "கோப்பை மெயிலில் அனுப்பு" என்று ஒரு பெட்டி. முன்னோட்டப் படம் பாடத்துக்கு ஒன்றாக அறுபதும் மாற்ற வேண்டும், சனி ஞாயிறு போய்விடும். பதின்மூன்று குழுவில் பத்திலிருந்து நானே வெளியேறுகிறேன், மிச்சம் மூன்றில் பதில் மட்டும் சொல்லப்போகிறேன். பின்டரெஸ்ட்டில் ஷார்ட்கட் அட்டை. வேலை நாளில் காலை ஒன்பதுக்கு போஸ்ட் வருகிற மாதிரி நேரம் குறித்துவைக்கிறேன். எக்ஸை அப்படியே விடுகிறேன், ஒரே ஆளாக எத்தனையைத்தான் பார்ப்பது.

இரவுப்பறவை:

யூடிஎம்?

கட்டம்போட்டவன்:

அதுவும் :)

நூல்கண்டு:

எல்லாம் சரி, இவ்வளவு நேரம் பேசினோம், உங்கள் தளத்தின் முகவரியை இன்னும் சொல்லவே இல்லையே?

கட்டம்போட்டவன்:

இங்கேயும் தூக்கிவிடுவார்களோ என்று பயந்துதான் போடவில்லை. என் சுயவிவரத்தில் இருக்கிறது. கணினியில் உட்காரும்போது பாருங்கள்.