40 ஜிபி கோப்புக்கு நோட்புக் எதற்கு?

அல்சூர்வாசி:
எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் நேற்று 40 ஜிபி சிஎஸ்வி கோப்பை (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) பாண்டாஸில், அதாவது கோப்பு முழுவதையும் ராமில் ஏற்றும் பைத்தான் தரவு நூலகத்தில், திறக்கப் போக, 16 ஜிபி ராம் உள்ள அவருடைய லேப்டாப் அப்படியே நின்றுவிட்டது. அவருக்கு வேண்டியிருந்ததோ ஒவ்வொரு சென்சாருக்கும் எத்தனை வரி இருக்கிறது என்ற கணக்கு மட்டும்தான். ஆக் (awk) என்ற பழைய உரை அலசும் கருவியில் ஒரே வரி நிரல் எழுதி ஓடவிட்டு, கீழே போய்க் காபி குடித்துவிட்டு வருவதற்குள் விடை திரையில் இருந்தது. ஆக் ஒவ்வொரு வரியாகப் படித்து அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விடும், நினைவகத்தில் வைத்துக்கொள்வது சென்சார் எண்களையும் அவற்றின் எண்ணிக்கையையும் மட்டுமே. 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆஹோ, வைன்பெர்கர், கெர்னிகன் மூவரும் எழுதியது, இன்றைக்கும் எந்த லினக்ஸ் சர்வரில் நுழைந்தாலும் இருக்கிறது. தரவு வேலைக்கு வருகிறவர்களுக்கு முதலில் ஷெல் (கட்டளைத் திரை), அதில் ஓடும் கிரெப் (தேட), ஸார்ட் (வரிசைப்படுத்த), ஆக். நிரலைச் செல் செல்லாகத் துண்டுபோட்டு எழுதி ஓட்டும் நோட்புக், அதில் பாண்டாஸ் எல்லாம் அப்புறம்தான்.

ஹெப்பால்காரி:
இல்லை அண்ணா, இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போன வருடம் எங்கள் குழுவில் ஒருவர் ஆக்கில் போட்ட கணக்கில் பெங்களூரின் ஏப்ரல் மதிய வெப்பநிலை சராசரி 24 டிகிரி என்று வந்தது. ஏப்ரலில் மதியம் இரண்டு மணிக்கு ஹெப்பால் மேம்பாலத்தில் பைக்கோடு நின்றவர்கள் அதை நம்புவார்களா? தேடிப் பார்த்தால், சென்சார் வேலை செய்யாத நேரங்களில் கோப்பில் 'என்ஏ' (NA, மதிப்பு இல்லை) என்று எழுதியிருந்தது. ஆக் அந்த எழுத்தை 0 என்று கூட்டிக்கொண்டது, வகுக்கும்போது மொத்த வரிகளாலும் வகுத்தது, ஒரு எச்சரிக்கைகூட வரவில்லை. பாண்டாஸ் அதை விடுபட்ட மதிப்பு என்று தானே புரிந்துகொண்டு சராசரியில் சேர்க்காது. இன்னொன்றும் உண்டு: இடப்பெயர் மேற்கோள் குறிக்குள் 'ஜாலஹள்ளி, வடக்கு' என்று இருந்தால், காற்புள்ளியில் வெட்டச் சொன்ன ஆக் அதையும் வெட்டிவிடும், அந்த வரியில் மட்டும் அதற்கடுத்த எல்லாப் பத்தியும் (column) ஒன்று தள்ளிப் போகும்.

அல்சூர்வாசி:
காற்புள்ளி விஷயம் உண்மை. 2023-இல் கெர்னிகனின் ஆக், குனு ஆக் என்ற இரண்டு வடிவங்களிலும் சிஎஸ்வியை முறையாகப் படிக்கும் வசதி வந்துவிட்டது, ஆனால் பழைய சர்வரில் இருக்கும் ஆக்குக்கு அது தெரியாது, அதை மறுக்கவில்லை. 'என்ஏ' பற்றிச் சொன்னீர்களே, பாண்டாஸ் தானாகப் புரிந்துகொள்வதுதான் எனக்குப் பயம். நமீபியாவின் நாட்டுக் குறியீடு என்ஏ. நாடுவாரியான பட்டியலைச் சும்மா திறந்தால் நமீபியாவின் குறியீடு மட்டும் காணாமல் போகும், அங்கேயும் எச்சரிக்கை கிடையாது. நோட்புக்கில் இன்னும் பெரிய சிக்கல், செல்களை மேலும் கீழுமாக ஓட்டுவது. ஒரு மாணவியின் நோட்புக்கை வாங்கிப் பார்த்தேன், செல் எண்கள் (ஓட்டிய வரிசை) 3, 17, 9, 22 என்று இருந்தன, நடுவில் எதையோ அழித்தும் இருக்கிறார். படம் அழகாக வந்திருந்தது, முதலிலிருந்து ஓட்டினால் ஐந்தாவது செல்லிலேயே பிழை. ஷெல் ஸ்கிரிப்ட் எப்போதும் மேலிருந்து கீழேதான் ஓடும்.

மடிவாளா மாணவன்:
அண்ணா, அக்கா, இரண்டு பேரும் டக்டிபி என்ற தரவுத்தளத்தின் பக்கம் வரவே இல்லையே. ஆம்ஸ்டர்டாமில் சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனத்தில் பிறந்தது, 2019-இல் முதல் வெளியீடு. நிறுவுவதற்கு ஒரே ஒரு கோப்புதான், சிஎஸ்வி பெயரைக் கொடுத்து அதன்மேல் நேராக எஸ்க்யூஎல் (தரவுத்தளக் கேள்வி மொழி) எழுதலாம், மேற்கோள் குறிக்குள் இருக்கும் காற்புள்ளி எல்லாம் சரியாகப் படிக்கும், ராமில் கொள்ளாததை டிஸ்கில் வைத்துக்கொள்ளும். நான் ஆறு மாதமாகப் பெரிய கோப்புகளுக்கு வேறெதையும் தொடுவதில்லை.

ஹெப்பால்காரி:
அதுவும் பத்தியின் வகையை ஊகிக்கத்தானே செய்கிறது தம்பி? முதலில் இருபதாயிரம் சொச்சம் வரிகளைப் பார்த்து எண் என்று முடிவுகட்டிவிடும், லட்சமாவது வரியில் எழுத்து வந்தால்?

மடிவாளா மாணவன்:
வந்தால் பிழை காட்டி நின்றுவிடும் அக்கா, எந்த வரி என்றும் சொல்லும். எனக்குப் பிடித்ததே அதுதான். உங்கள் ஏப்ரல் கோப்பு அங்கேயே நின்றிருக்கும், 24 டிகிரி வந்திருக்காது.

ஹெப்பால்காரி:
சரி, அது எனக்குப் பெரிய விஷயம். ஆனாலும் படம் வரைந்து பார்க்காமல் எந்த எண்ணையும் நான் நம்புவதில்லை, அதனால் நோட்புக்கை விடமாட்டேன். செல் வரிசை பற்றி அண்ணா சொன்னதில் நியாயம் இருக்கிறது, இனிமேல் யாருக்கு அனுப்பினாலும் கெர்னலை (நோட்புக்கின் பின்னால் நிரலை ஓட்டும் பகுதி) புதிதாகத் தொடங்கி முழுவதும் ஓட்டிவிட்டுத்தான் அனுப்புவேன்.

அல்சூர்வாசி:
அந்த ஏப்ரல் கோப்பில் எண்ணாக இருக்கும் வரிகளை மட்டும் எடு என்று ஒரு நிபந்தனை சேர்த்திருந்தால் ஆக்கும் சரியான சராசரியைத் தந்திருக்கும், அதை எழுதியவர் சேர்க்கவில்லை. கோப்பு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அனுப்புங்கள், ஆக், டக்டிபி, பாண்டாஸ் மூன்றிலும் ஓட்டி, எத்தனை வரி கணக்கில் வந்தது, எத்தனை விடுபட்டது என்று இங்கேயே போடுகிறேன்.