கலைச்சொல் வேண்டும்: நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் விளக்குக் கப்பலுக்கு

> 'மிதக்கும் கலங்கரை விளக்கம்' என்றே எழுதலாமே? யாருக்கும் புரியுமே.

புரியும் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் அதை ஒரு பத்தியில் ஆறு முறை எழுதிப் பாருங்கள். நான் எழுதிக்கொண்டிருப்பது அமெரிக்காவின் நான்டக்கெட் கப்பலின் பணி வரலாறு. இந்தச் சொல் வரிக்கு வரி வந்து நிற்கிறது.

> கலங்கரை என்றாலே கரை வந்துவிடுகிறதே. கரையே தெரியாத இடத்தில் எப்படிப் பொருந்தும்?

அந்தக் கவலை வேண்டாம். சிலப்பதிகாரத்துக் கலங்கரை விளக்கத்துக்கு, கலத்தை அழைக்கும் விளக்கு என்றுதான் உரை. காகம் கரைகிறதே, அந்தக் கரைதல். நான் தயங்குவது வேறு காரணத்துக்காக. இந்தக் கப்பலின் முதல் வேலை அழைப்பது அல்ல, மணல்திட்டுகளிலிருந்து கப்பல்களை விலக்குவது. அழைக்கவும் செய்தது, அதனாலேயே ஒரு முறை மூழ்கியும் போனது.

1934 மே 15. கடும் பனிமூட்டம். டைட்டானிக்கோடு ஒரே வகையாகக் கட்டப்பட்ட ஒலிம்பிக், நான்டக்கெட்டின் வானொலிச் சைகையைப் பிடித்துக்கொண்டு நேராக அதை நோக்கி வந்தது. நெருங்கியதும் விலகிக்கொள்ளலாம் என்பது கணக்கு. விலகவில்லை. 46,000 டன் கப்பல், சுமார் 630 டன் கப்பலின் மேல் ஏறிவிட்டது. இருந்த 11 பேரில் 7 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில்தான் வாஷிங்டன் என்ற இன்னொரு பயணிகள் கப்பல் அதை உரசிவிட்டுப் போயிருந்தது!

'ஒளிக்கப்பல்' என்று ஒருவர் சொன்னார். வாய்விட்டுப் படித்தால் ஒளித்து வைத்த கப்பல் மாதிரி இருக்கிறது. தன்னைக் காட்டிக்கொள்ளவே நிற்கும் கப்பலுக்கு அது ஆகாது. என் பரிந்துரை: விளக்குக்கலம்.

இதோடு இன்னும் இரண்டு சொல் தேவை: கப்பல் நிற்கும் இடத்துக்கு ஒன்று, மற்றதன் இடத்தில் தற்காலிகமாக நிற்கும் கப்பலுக்கு ஒன்று. மூழ்கியதன் எண் 117. பிரிட்டிஷ் அரசு இழப்பீடாகக் கொடுத்த பணத்தில் 1936இல் கட்டிய கப்பல் 112. இரட்டை உடல், நீர் புகாத பல அறைகள். இரண்டின் பக்கவாட்டிலும் பெரிய எழுத்தில் நான்டக்கெட் என்றே இருந்தது. அதாவது பெயர் கப்பலுக்கு உரியதல்ல, அது நிற்கும் இடத்துக்கு உரியது. கப்பல் மாறும், பெயர் அங்கேயே இருக்கும். போரின்போது 112ஐ மெய்ன் மாநிலத்துப் போர்ட்லண்டுக்கு அனுப்பி, வரும் கப்பல்களைச் சோதிக்க வைத்தார்கள். 1958 முதல் 1960 வரை, பழுது பார்க்கப் போகும் மற்றக் கப்பல்களின் இடத்தில் போய் நின்றது. அந்த வேலையில் இருக்கும் கப்பலுக்கு 'மாற்றுக்கலம்' போதும். நிற்கும் இடத்துக்கு 'நிலையம்' என்றால் பேருந்தும் போலீசும் நினைவுக்கு வருகின்றன. 'நிற்பிடம்' சரிப்படுமா?

இந்தக் கப்பல்களை நிறுத்திவைக்கும் காளான் நங்கூரத்தின் பெயரில் மட்டும் சிக்கல் இல்லை. கவிழ்த்த காளான் போல இருக்கும், மண்ணில் புதைந்துகொள்ளும். 1807இல் ஸ்காட்லாந்தின் பெல் பாறை அருகே நிறுத்திய விளக்குக் கப்பலுக்காக ராபர்ட் ஸ்டீவன்சன் அமைத்தது.

---

நிற்பிடம் நன்றாக இருக்கிறது. விளக்குக்கலம்தான் இடிக்கிறது. கலம் என்றால் பாத்திரமும்தானே? எண்ணெய் ஊற்றும் அகலை நினைத்துக்கொள்வார்கள். 'மிதவை விளக்கு' என்று வைத்தால் என்ன?

---

அகல் ஞாபகம் வரும் என்பது சரிதான் அம்மா, எனக்குத் தோன்றவில்லை. ஆனால் மிதவையை இதற்குக் கொடுத்துவிட்டால் பின்னால் மாட்டிக்கொள்வோம். 112 ஓய்வு பெற்றது 1975இல். அந்த நிற்பிடத்தில் 1854இல் தொடங்கிய கப்பல் வரிசை 1983 வரை நீடித்தது. கடைசிக் கப்பலை எடுத்துவிட்டு அங்கே வைத்தது ஆளில்லாத ஒரு பெரிய மிதவையைத்தான். இரண்டுக்கும் ஒரே பெயர் என்றால் அந்தக் கடைசிப் பத்தியை எழுதவே முடியாது.

ஆகவே கலத்தை விட்டுக் கப்பலுக்கே போகிறேன்: விளக்குக்கப்பல். மாற்றுக்கலமும் மாற்றுக்கப்பல் ஆகட்டும். கொஞ்சம் மொட்டையாக இருக்கிறது, பரவாயில்லை. யாரும் எதிர்க்காவிட்டால் ஞாயிற்றுக்கிழமை சொல்தொகுப்பில் ஏற்றிவிடுகிறேன். நிற்பிடத்தை மட்டும் துறைமுகத்தில் வேலை செய்தவர்கள் யாராவது ஒரு முறை பார்த்துச் சொல்லுங்கள்.