அதிகம் விற்கும் மாடல்தான் நல்ல மாடலா?

கிரைண்டர்_கோவை:
கோவையில் நானும் மச்சானும் சின்னதாக வெட் கிரைண்டர் பட்டறை நடத்துகிறோம். போன வருஷம் கொண்டுவந்த விலை குறைந்த டேபிள் டாப், பழைய மாடலைவிட மூன்று மடங்கு போகிறது. "சனங்க காசு கொடுத்து வாங்குறாங்கன்னா பொருள் நல்லா இருக்குன்னுதானே அர்த்தம், பழசை நிறுத்திடலாம்" என்கிறார் மச்சான். புதியதில் கியர் பிளாஸ்டிக், எனக்கு மனசு ஒப்பவில்லை. கையில் கணக்கு இல்லாமல் எப்படிப் பேசுவது?

கடைவீதி:
நான் கடை வைத்திருப்பவன், உள்ளதைச் சொல்கிறேன். யாரும் கடையில் அரிசி ஊறப்போட்டு அரைத்துப் பார்த்து வாங்குவதில்லை. விலை, நிறம், அப்புறம் நாங்கள் எதை முன்னால் எடுத்து வைக்கிறோம் என்பதுதான். கமிஷன் அதிகம் உள்ளதைத்தான் முதலில் காட்டுவோம். வீட்டில் முதல் மாவு அரைப்பதற்கு முன்பே உங்கள் விற்பனைக் கணக்கு முடிந்துவிடுகிறது.

சர்வீஸ்_அண்ணன்:
புகார்களை அந்த மாத விற்பனையால் வகுத்துப் பார்க்காதீர்கள், ஏமாந்துபோவீர்கள். தீபாவளிக்கு 400 விற்றது என்று வையுங்கள், அதில் கியர் தேய்ந்து வருவது மார்ச், ஏப்ரலில்தான். விற்பனை ஏறிக்கொண்டே இருந்தால், முன்பு விற்ற கொஞ்ச மெஷின்களின் புகாரை இப்போது விற்கிற பெரிய எண்ணிக்கையால் வகுப்பீர்கள், எல்லாம் நன்றாக இருப்பதாகவே தெரியும். சீரியல் நம்பரை வைத்து, எப்போது விற்றது, எத்தனையாவது மாதம் திரும்பி வந்தது என்று எழுதி, இரண்டு மாடலையும் 6 மாதத்துக்கு, 12 மாதத்துக்கு என்று தனித்தனியாக ஒப்பிடுங்கள். உதிரி கியர் எத்தனை போகிறது என்றும் பாருங்கள், வாரண்டி முடிந்து வெளியில் சரிசெய்வதெல்லாம் அதில்தான் தெரியும்.

நெடுஞ்சாலை:
2014-இல் குளோபல் என்கேப் என்ற கார் பாதுகாப்புச் சோதனை அமைப்பு இந்தியாவின் 5 சின்ன கார்களை மணிக்கு 64 கி.மீ. வேகத்தில் மோதிப் பார்த்தபோது, பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்துக்கும் பூஜ்ய நட்சத்திரம். அதில் ஆல்டோ 800-ம் ஒன்று, அப்போது நாட்டிலேயே அதிகம் விற்ற கார் ஆல்டோதான். ஆனால் உங்கள் மச்சான் சொல்வதையும் முழுசாகத் தள்ள முடியாது. மைலேஜ், ஊருக்கு ஊர் சர்வீஸ், மறுவிற்பனை விலை எல்லாம் வாங்கியவர்கள் தினமும் அனுபவித்துப் பார்த்தவை, அதுவும் தரம்தான். மோதலில் என்ன ஆகும் என்பதை மட்டும் யாரும் ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உங்கள் கியரும் அந்த மாதிரி உள்ளே மறைந்திருக்கும் சமாச்சாரம்.

கிரைண்டர்_கோவை:
சீரியல் நம்பர் அடிக்கிறோம், ஆனால் பில்லில் குறிப்பதில்லை. நாளையிலிருந்து குறிக்கச் சொல்லிவிட்டேன். பழைய மாடலை அடுத்த தீபாவளிவரை நிறுத்த வேண்டாம் என்று மச்சானும் சரி சொல்லிவிட்டார்.