ஏபிஏ பட்டத்தில் பெரியவர் யார்? ஹாரி மாலினா, ஜோ கால்ஸாகியா?

இடதுகுத்து:
இங்கிலாந்து அமெச்சூர் குத்துச்சண்டைச் சங்கம் (ஏபிஏ) 1881-ல் தொடங்கிய தேசியப் போட்டியில் இதுவரை வந்த சாம்பியன்களில் என் கணக்கில் முதல் ஆள் ஹாரி மாலின்தான். 1919 முதல் 1923 வரை ஐந்து வருடமும் மிடில்வெயிட் பட்டம் அவருக்கே. 1920 ஆன்ட்வெர்ப், 1924 பாரிஸ், இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். 300-க்கும் மேற்பட்ட அமெச்சூர் சண்டைகள், தோல்வியே கிடையாது. லண்டன் போலீஸ்காரர். கடைசிவரை காசுக்காக ரிங்கில் ஏறவில்லை.

மூணாவதுரவுண்டு:
மாலின் பெரிய ஆள்தான், மறுக்கல. ஆனா ஒரே எடையில அஞ்சு வருஷம் ஜெயிக்கிறதும், வருஷா வருஷம் மேல் எடைக்கு ஏறி ஜெயிக்கிறதும் ஒண்ணா? கால்ஸாகி 1991-ல வெல்டர், 1992-ல லைட் மிடில், 1993-ல மிடில். ஏற ஏற எதிர்ல நிக்கிறவன் கனமா அடிப்பான். அப்புறம் புரொஃபஷனல்ல 46 சண்டை, 46-லயும் வெற்றி.

இடதுகுத்து:
புரொஃபஷனல் கணக்கை இதில் சேர்க்காதீர்கள், பேச்சு அமெச்சூர் பட்டத்தைப் பற்றி. 1992 ஒலிம்பிக்கில் லைட் மிடிலில் இறங்கியது ராபின் ரீட். வெண்கலமும் வாங்கினார். கால்ஸாகி அங்கே இல்லையே?

மூணாவதுரவுண்டு:
அனுப்பலைன்னா அவர் என்ன செய்வார்? அந்த வருஷம் அந்த எடையில ஏபிஏ சாம்பியன் அவர்தான்! 1999-ல ரெண்டு பேரும் மோதினப்ப கால்ஸாகிதான் ஜெயிச்சார். ஒரு நடுவர் ரீட் பக்கம் போட்டார், அதையும் சொல்லிடறேன்.

ஈ_எடை:
ரெண்டு பேருமே சின்ன எடைக்காரங்களை மறந்துட்டீங்க, அதான் எனக்கு ஆதங்கம். லைட் ஃப்ளை, ஃப்ளைன்னு 1980-கள்ல மொத்தம் எட்டு ஏபிஏ பட்டம் வாங்கினவர் ஜான் லயன். 1986 காமன்வெல்த்ல ஃப்ளைவெயிட் தங்கமும் அவருக்குத்தான். உங்க ஆளுங்க பட்டத்தைக் கூட்டினாத்தான் எட்டு வருது.

இடதுகுத்து:
லயனுக்கு என் வணக்கம். ஆனாலும் 1924 காலிறுதியை யோசித்துப் பாருங்கள். பாரிஸிலேயே பிரெஞ்சுக்காரர் ரோஜே புருஸ் எதிரே. மாலினைக் கடித்துவிட்டார், மார்பில் பல் தடம். அப்படியும் வெற்றி புருஸுக்கு என்றே அறிவித்தார்கள். புகார் போன பிறகுதான் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். அதற்குப் பிறகும் நிதானம் இழக்காமல் இறுதிவரை போய்த் தங்கம் வென்றார் மாலின்.

மூணாவதுரவுண்டு:
கடி வாங்கியும் நிதானமா நின்னாரே, அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஆனா மூணு எடை, மூணு வருஷம், மூணு பட்டம். அதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.