அலுவலக அரட்டைக்குச் சொந்த சர்வர்: பழைய கணினியே போதுமா?

ஆலைக்கணினி:
எங்கள் பின்னலாடை நிறுவனத்தில் 140 பேர். தையல், பேக்கிங் என்று எல்லாப் பிரிவுகளுக்கும் வாட்ஸ்அப் குழுக்கள்தான். வேலையை விட்டுப் போன மேற்பார்வையாளர் ஒருவரை நீக்க மறந்துவிட்டோம். துணி மாதிரிப் படங்கள் ஒரு மாதமாக அவர் கைபேசிக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆகவே சொந்தமாக ஒன்று வைக்க நினைக்கிறேன். கையில் இருப்பது 8 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி உள்ள பழைய கணினி, ஃபைபர் இணைப்பு, யுபிஎஸ். சொந்த சர்வரில் நிறுவக்கூடிய அரட்டை மென்பொருள்களில் மேட்டர்மோஸ்ட் நல்லதா, மேட்ரிக்ஸ் நல்லதா? "அரட்டை அடிக்க ஒரு சர்வரா?" என்று முதலாளி கேட்கிறார். புதிதாக வாங்கப் பணம் கிடைக்காது.

பழைய நிர்வாகி:
தம்பி, 140 பேர் எழுதுகிற எழுத்துக்கு இந்தக் கணினி தாராளம். திணறப்போவது வட்டுதான். ஒருவர் நாளுக்கு 5 படம், படம் ஒன்று 3 எம்பி என்று வையுங்கள். நாளுக்கு 2.1 ஜிபி, 26 வேலை நாளில் ஏறக்குறைய 55 ஜிபி. ஒன்பது மாதத்தில் வட்டு நிரம்பிவிடும். பழைய படங்களை எங்கே ஒதுக்குவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள்.

அதற்கும் முன்னால் ரவுட்டரில் வெளிமுக ஐபி முகவரியை, அதாவது இணைய நிறுவனம் ரவுட்டருக்குக் கொடுத்திருக்கும் எண்ணைப் பாருங்கள். 100.64 முதல் 100.127 வரை ஏதாவது ஒன்றில் தொடங்கினால் உங்களுக்குப் பொது ஐபி இல்லை; வெளியிலிருந்து யாரும் சர்வரை நேராக எட்ட முடியாது. இணைய நிறுவனத்திடம் நிலையான, அதாவது மாறாத பொது ஐபி கேளுங்கள்.

இரவுப்பணி:
மேட்ரிக்ஸ் பக்கம் போனால் ஓர் எச்சரிக்கை. மேட்ரிக்ஸுக்கான சர்வர் மென்பொருளான சினாப்ஸில் முதலில் கொடுக்கும் சர்வர் பெயரைப் பிறகு மாற்ற முடியாது. நான் சோதனைக்கென்று ஏதோ ஒரு பெயரைக் கொடுத்து, அதிலேயே 30 பேரைச் சேர்த்துவிட்டு, எல்லாவற்றையும் அழித்து மறுபடி நிறுவினேன். வெளி நிறுவனங்களின் சர்வர்களோடு பேச மேட்ரிக்ஸ் உதவும்; அந்தத் தேவை உங்களுக்கு இல்லையே, மேட்டர்மோஸ்ட் போதும்.

இன்னொன்று. சர்வர் உங்கள் அறையில் இருந்தாலும் கைபேசி அறிவிப்புகள் கூகுள், ஆப்பிள் வழியாகத்தான் போகும். அறிவிப்பில் அனுப்பியவர் பெயர் மட்டும் தெரியும்படி அமைப்புகளில் மாற்றிவிடுங்கள்.

ஆலைக்கணினி:
நிலையான ஐபி வாங்கி, உபுண்டு இயங்குதளத்தில் மேட்டர்மோஸ்டும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் நிறுவி, வரும் கோரிக்கைகளை வாங்கி மேட்டர்மோஸ்டுக்குக் கடத்த முன்னால் என்ஜின்எக்ஸ் வைத்தேன். இரண்டு தொல்லை. பக்கத்தைப் புதுப்பித்தால்தான் புதிய செய்தி தெரிகிறது. சின்னப் படம் போகிறது, கேமராவில் எடுத்த படம் போக மறுக்கிறது. ராம் போதவில்லையோ?

பழைய நிர்வாகி:
ராமைக் குறை சொல்லாதீர்கள், இரண்டும் என்ஜின்எக்ஸ் கோளாறு. உடனுக்குடன் செய்தி வருவது வெப்சாக்கெட் என்ற, திறந்தே இருக்கும் இணைப்பு வழியாக. அதற்கு அப்கிரேட், கனெக்‌ஷன் என்ற இரண்டு ஹெடர்களையும் (கோரிக்கையோடு வரும் குறிப்புகள்) என்ஜின்எக்ஸ் பின்னால் கடத்த வேண்டும், எச்டிடிபி நெறிமுறையின் பதிப்பு 1.1 என்றும் குறிப்பிட வேண்டும். பிரவுசரின் டெவலப்பர் கருவியில் வெப்சாக்கெட் கோரிக்கைக்கு 101 என்று பதில் வந்தால் சரி. படத்துக்குக் காரணம் வேறு: நாம் மாற்றாதவரை என்ஜின்எக்ஸ் 1 எம்பிக்கு மேல் எதையும் ஏற்காது, 413 பிழை கொடுக்கும். 50 எம்பியாக உயர்த்துங்கள்.

இரவுப்பணி:
காப்புநகல் எடுக்கும்போது தரவுத்தளத்தை மட்டும் எடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். படங்கள் தனி அடைவில் இருக்கின்றன. அதையும், அமைப்புகள் உள்ள கான்ஃபிக் கோப்பையும் சேர்த்து வேறொரு வட்டில் வையுங்கள்.

ஆலைக்கணினி:
101 வந்துவிட்டது, 8 எம்பி படமும் போனது. நன்றி அண்ணா. ஒரு சோதனைக் கணக்கை முடக்கிப் பார்த்தேன். அந்தக் கைபேசியிலிருந்து உடனே வெளியேற்றிவிட்டது. முதலாளிக்கு அதை மட்டும் காட்டினேன், காப்புநகலுக்கென்று ஒரு வட்டு வாங்கச் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை பேக்கிங் பிரிவை மட்டும் முதலில் மாற்றுகிறேன்.