நாவலில் பகலில் நடமாடும் டிராகுலா, திரையில் மட்டும் ஏன் வெயில் பட்டதும் சாகிறான்?

ஊர்க்குருவி:
பிராம் ஸ்டோக்கரின் 1897 நாவலில், 13ஆம் அத்தியாயத்தில், லண்டன் பிக்காடிலியில் பட்டப்பகலில் நின்று ஒரு பெண்ணை வெறித்துப் பார்க்கிறான் டிராகுலா. அன்றைக்கு வெக்கை வேறு. வெயில் அவனை ஒன்றும் செய்யவில்லை. ராபர்ட் எக்கர்ஸின் 2024 ‘நோஸ்ஃபெராட்டு’வில் விடியல்தான் ஆளைக் கொல்கிறது. இந்த விதி எங்கிருந்து வந்தது? நாவலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எந்தப் படங்களை, எப்படிப் பார்க்கலாம்?

கருப்புவெள்ளை:
விதி சினிமாவில் பிறந்தது. 1922இல் முர்னாவ் எடுத்த ‘நோஸ்ஃபெராட்டு’ நாவலைத் தழுவிய படம். ஆனால் உரிமை வாங்கவில்லை, அதனால் பெயர்களை மாற்றினார்கள், டிராகுலா ‘ஓர்லோக்’ ஆனான். அதில் கதாநாயகி எல்லன் ரத்தக்காட்டேரியைச் சேவல் கூவும்வரை தன் அறையிலேயே பிடித்து வைக்கிறாள். விடியலில் அவன் கரைந்துபோகிறான். ஸ்டோக்கர் எழுதியது வேறு. 18ஆம் அத்தியாயத்தில் டிராகுலாவை வேட்டையாடும் பேராசிரியர் வான் ஹெல்சிங் சொல்வதைப் பாருங்கள்: பகலில் அவன் சக்தி ஒடுங்கும், உருமாறுவதென்றால் சூரிய உதயம், நண்பகல், அஸ்தமனம் ஆகிய நேரங்களில் மட்டும் முடியும்.

இந்தப் படத்துக்குப் பிரதி பார்த்து எடுங்கள், இல்லையென்றால் விதியே புரியாது. இரவுக் காட்சிகளைப் பகலில் எடுத்து, பிரதியில் நீலச் சாயம் ஏற்றியிருந்தார்கள். சாயமில்லாத பிரதியில் ஓர்லோக் தன் சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெட்டவெளிச்சத்தில் ஊருக்குள் போவான். பிறகு அதே வெளிச்சத்தில் அவன் சாகும்போது, படம் தன் விதியைத் தானே மறந்துவிட்டதாகத் தோன்றும். சாயம் மீட்கப்பட்ட, சுமார் 94 நிமிடம் ஓடும் பிரதி சரியானது.

வேகத்தையும் கவனியுங்கள். நொடிக்கு 18 சட்டம் (ஃபிரேம்) என்ற கணக்கில் ஓட வேண்டியதை 24இல் ஓட்டினால் எல்லோரும் மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேகத்தில் ஓடுவார்கள். ஓர்லோக்கின் குதிரைவண்டி மட்டும் விறுவிறுவென்று துள்ளுவது முர்னாவ் வேண்டுமென்றே செய்தது. எல்லாமே துள்ளினால் அந்தத் திகில் செத்துப்போகும்.

பெட்டி50:
ஒவ்வொரு படத்திலும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: அவனை யார், எப்போது, எதனால் கொல்கிறார்கள்?

நாவலில்: நவம்பர் 6, சூரியன் மறையும் தறுவாய். டிராகுலாவின் கோட்டையில் சிக்கித் தப்பிய ஜோனாதனின் குக்ரி கத்தி கழுத்தில், அவன் கூட்டாளி குவின்சியின் பௌவி கத்தி நெஞ்சில். மர ஆப்பு, அவன் கடித்து ரத்தக்காட்டேரியான லூசிக்குத்தான், டிராகுலாவுக்கு இல்லை. பிரிட்டனின் ஹாம்மர் நிறுவனம் எடுத்த 1958 படத்தில் வான் ஹெல்சிங்காக நடித்த பீட்டர் குஷிங் மேசைமேல் ஓடிப் பாய்ந்து திரைச்சீலையைக் கிழிக்கிறார், வெயில் உள்ளே விழுகிறது. இரண்டு மெழுகுவர்த்தித் தாங்கிகளைச் சிலுவையாகப் பிடித்து அவனை அதற்குள் தள்ளுகிறார். இது முர்னாவின் வாரிசு. 1979இல் ‘நோஸ்ஃபெராட்டு’வைத் திரும்ப எடுத்த இயக்குநர் ஹெர்ட்சோக் நாவலின் பெயர்களைத் திருப்பிக் கொண்டுவந்தார், முடிவை முர்னாவிடமிருந்து எடுத்தார், பிறகு அதையும் உடைத்தார்: லூசி (இங்கே இவள் ஜோனாதனின் மனைவி) உயிரைக் கொடுத்தும் ஜோனாதன் ரத்தக்காட்டேரியாகிக் குதிரையேறிப் போய்விடுகிறான். இவர்கள் பேச்சுவார்த்தை முந்தைய படத்தோடுதான், நாவலோடு குறைவு.

எக்கர்ஸ் விடியலை முர்னாவிடமும் மீசையை ஸ்டோக்கரிடமும் வாங்கினார். 2ஆம் அத்தியாயத்தில் கதவைத் திறக்கும் கிழவனுக்கு நீண்ட வெள்ளை மீசை உண்டு. உயர்ந்த காலர் அங்கி நாவலில் கிடையாது, அது நாடக மேடையின் சரக்கு: நடிகர் பார்வையாளருக்கு முதுகைக் காட்டி நிற்க, காலர் தலையை மறைக்கும், அங்கியைச் சக நடிகர்கள் பிடித்திருக்க, அவர் தரைக்கதவு வழியே நழுவிவிடுவார்.

வாசிப்புமேசை:
கொலையைவிட ஜோனாதனின் மனைவி மீனாவைக் கவனிக்கச் சொல்வேன், ஏனென்றால் படங்கள் அதிகம் இழந்தது அவளைத்தான். நாவல் முழுக்க நாட்குறிப்பு, கடிதம், தந்தி, செய்தித்தாள் துணுக்கு. அத்தனையையும் தட்டச்சு செய்து தேதிவாரியாக அடுக்குபவள் மீனா. 26ஆம் அத்தியாயத்தில் அவள் எழுதும் குறிப்பைப் பொறுமையாகப் படியுங்கள்: டிராகுலா படுத்திருக்கும் பெட்டி ஆற்று வழியாகத்தான் போகும், அது புரூத் ஆறா செரத் ஆறா, ஃபுண்டுவில் செரத்தோடு சேரும் பிஸ்திரிட்சா, டிராகுலாவின் கோட்டைக்கு அருகிலுள்ள போர்கோ கணவாயைச் சுற்றிப் போகிறது, ஆகவே செரத். வரைபடத்தை வைத்து வேட்டையை முடித்துவைப்பது அவள் மூளை!

1992 டிராகுலா படத்தில் இயக்குநர் கொப்போலா அவளை மறுபிறவி எடுத்த காதலியாக்கினார். நாவலில் அந்தக் காதல் ஒரு வரிகூட இல்லை. அழகான படம், பகலில் நடமாடும் டிராகுலாவைக் காப்பாற்றிய படமும்கூட. ஆனால் மீனாவுக்குச் செய்தது பெரிய அநியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

படிக்கும் வரிசை: 1 முதல் 4 வரை படித்துவிட்டு 1922 படத்தின் முதல் பாதி. 7ஆம் அத்தியாயத்தின் கப்பல் குறிப்பேட்டுக்குப் பிறகு 2023இல் வந்த ‘டிமீட்டர்’ கப்பல் படம். சில பக்கங்களை முழுப் படமாக இழுக்கும்போது எதைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று தெரியும். கடைசி இரண்டு அத்தியாயங்களை முடித்த பிறகே 1992.

ஊர்க்குருவி:
நன்றி. அழைக்காமல் வீட்டுக்குள் வர முடியாது என்பதும் சினிமா விதியா?

கருப்புவெள்ளை:
இல்லை, அது ஸ்டோக்கருடையது, அதே 18ஆம் அத்தியாயம். வீட்டார் ஒருவர் முதல்முறை அழைத்தால் போதும், அப்புறம் இஷ்டப்படி வரலாம். அழைக்காமல் நுழைந்தால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. 2008 ஸ்வீடன் படம் ‘லெட் த ரைட் ஒன் இன்’ அந்த இடத்தை நிரப்பியது: வாசலைத் தாண்டிய, எலி (Eli) என்ற பெயருடைய குட்டி ரத்தக்காட்டேரி பேசாமல் நிற்க, தலையிலிருந்தும் கண்ணிலிருந்தும் ரத்தம் கசியும், அந்த வீட்டுப் பையன் பதறிப்போய் உள்ளே வரச் சம்மதம் சொன்ன பிறகுதான் நிற்கும்.